மறுசோறு

அண்ணா,

சற்று முன் நர்ஸம்மா வந்து என் இடது மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டிவிட்டுப் போனார். என் பெயர், வயது, இன்றைக்கு ஏறப்போகும் மருந்து எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொல்லிமலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிவந்து, இந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன். பழகிப்போன வேலைதான். ஆனால் அந்தப் பட்டை மணிக்கட்டில் இறுகும்போதெல்லாம் எனக்கு மஞ்சள் வாசம் வருகிறது. டெட்டாலும் ஸ்பிரிட்டும் மணக்கிற அறையில் மஞ்சள் எங்கிருந்து வரும்? நீங்கள்தான் வருகிறீர்கள்.

முதல் இரண்டு தடவையும் நீங்கள் உடன் வந்தீர்கள். மருந்து ஏறுகிற வேகத்தைப் பார்த்துப் பொறுமை இழந்து, "மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏத்தறப்ப நான் இதைவிட வெரசா ஏத்துவேனுங்க" என்று நர்ஸம்மாவிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். இப்போது நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். கைப்பேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

கால்நடை ஆய்வாளராக மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தால் என்னைக் கேளுங்கள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சவால் விட்டீர்கள். யாரும் கேட்கவில்லை, நீங்களும் போகவில்லை. குடும்பத்தை ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் விட்டுவிட்டு, செம்மேட்டில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாகக் குடியிருந்தீர்கள். சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்குவது, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கார அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவது, திங்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறி வருவது. நானோ இந்த மலைக்காரன். அரியூர் நாடு என்கிற மலைப்பகுதியில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, இங்கேயே அரசுப் பள்ளியில் வாத்தியாரானவன். எங்கள் ஊரில் தேவைக்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அந்தக் குறையை நீங்கள் ஒருவரே தீர்த்துவைத்தீர்கள்.

நீங்கள் வந்து சில வருஷங்களில் என் வயிறு கெட்டது. வலி, பேதி, மாலையானால் காய்ச்சல். முதலில் குடலில் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கான மாத்திரைகளை விழுங்கினேன். பிறகுதான் கிரோன் நோய் என்று தெரிந்தது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலை வேற்றாள் என்று எண்ணிப் புண்ணாக்குகிறது, முழுக்கத் தீர்க்க முடியாது, அடக்கிவைக்கலாம் என்றார் டாக்டர். நீங்கள் தலையை ஆட்டி, "பட்டிக்குக் காவல் வெச்ச நாயே ஆட்டைக் கடிக்குதுங்கறீங்க" என்றீர்கள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, அதற்கு மேல் விளக்க அவசியமில்லை என்பதுபோல் மருந்து எழுத ஆரம்பித்தார்.

நோயைவிட விருந்துதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நம் மலையில் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்பினால் அது சண்டைக்குச் சமம். குடலில் புண் என்று சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, அந்த வைத்தியத்தையும் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவருவார்கள். பலாப்பழக் காலத்தில் நான் ஊருக்குள் போகவே பயந்தேன். நாலு சுளை தின்றால் அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பேன். தின்னாமல் வந்தால் என் அத்தை மாதிரி ஆட்கள் விடமாட்டார்கள். "ஏங் கண்ணு, வாத்தியார் வேலை வந்தொடனே எங்கூட்டுச் சோறு கசக்குதா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டாள் ஒருமுறை. அப்பா செத்தபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். அன்று அவள் முகம் போன போக்கு எனக்கு வயிற்றுவலியைவிட வலித்தது.

அத்தை பேரனுக்குக் காதுகுத்து வந்தது. அவள் வீட்டு ஆடுகளுக்கு ஊசி போட்ட பழக்கத்தில் உங்களுக்கும் அழைப்பு. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்து போனோம். வீடு தெரிகிற வளைவில் நின்று, "கையக் காட்டுங்க வாத்தியாரே" என்றீர்கள். தோள்பையிலிருந்து மஞ்சள் நூல் ஒன்றை எடுத்து என் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டீர்கள். மஞ்சள் வாசம் குப்பென்று அடித்தது.

"இதென்னங்ணா?"

"ஊசி போட்ட ஆட்டுக்குக் கட்டற நூலுங்க. ஒரே ஆட்டுக்கு ரெண்டு தடவை குத்தீரக் கூடாதில்லீங்களா. அடையாளத்துக்குப் பூசற சாயம் தீந்துபோச்சுன்னா கழுத்துல இதைக் கட்டியுடுவேன். நேத்துத்தான் மஞ்சத்தண்ணியில நனைச்சுக் காயவெச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தியில் இலை போட்டதும் புரிந்தது. அத்தை கறிக்குழம்போடு என்னை நோக்கி வந்தாள். நீங்கள் குறுக்கே கையை நீட்டி, "வாத்தியாருக்குக் காப்புக் கட்டியிருக்குதுங்க அம்மாயி. நேர்த்தி. வெளிய கை நனைக்கக் கூடாது" என்றீர்கள். அத்தை அப்படியே நின்றாள். குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அந்த நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உங்களிடம் திரும்பி, "எந்தச் சாமிக்குங்க?" என்று கேட்டாள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற நீங்கள் துளியும் அசரவில்லை. "அதைச் சொல்லக் கூடாதுங்க. சொன்னாப் பலிக்காது." அத்தை எனக்கு ஒரு சொம்பு மோர் மட்டும் கொடுத்து, தலையைத் தடவி அனுப்பினாள். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு விருந்திலிருந்து நான் வலியில்லாமல், வசவுமில்லாமல் வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது, இப்படியெல்லாம் சொன்னால் உங்கள் சாமி கோபித்துக்கொள்ளாதா என்று சீண்டினேன். "ஆடு மேய்க்கறவரு அவரு. ஆட்டு நூலுக்கா கோவிச்சுக்குவாரு?" என்றீர்கள். சிறிது தூரம் நடந்தபின் நீங்களாகவே சொன்னதுதான் இந்த மடலை எழுத வைக்கிறது. "என்னைக்காச்சும் ஒரு நாளு இந்த நூலை அறுத்துப்போட்டுட்டு எங்கூட்டுக்கு வரோணும் வாத்தியாரே. எம் பொண்டாட்டி கையால தின்னோணும். போட்டதைத் தின்னுட்டு எந்திரிச்சா விருந்தாளி. மறுசோறு கேட்டாத்தான் எங்காளு." நான் சிரித்தேன். ஒரு கரண்டிச் சோற்றுக்கே நாளும் கிழமையும் பார்க்கிறவனிடம் மறுசோறு பற்றிப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

அதன் பிறகு நூல் நைந்தால் புதிது கட்டுவது உங்கள் வேலையாகிவிட்டது. ஊரில் எல்லோரும் நான் பெரிய பக்திமான் என்று நம்பினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

மாத்திரைகளுக்கு நோய் அடங்காமல் போனதும் டாக்டர் பயாலாஜிக் ஊசிக்கு மாற்றினார். குடலைப் புண்ணாக்கும் சமிக்ஞைகளில் ஒன்றைக் குறிபார்த்துத் தடுக்கிற மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒன்று, வயிற்றுத் தோலில் குத்திக்கொள்ள வேண்டும். செலவுக் கதை இங்கே வேண்டாம், அது நமக்கு அலுத்துப்போன கதை. முதல் வருஷம் எனக்கு ராஜயோகம். எடை கூடியது. பள்ளியில் முழுநாள் நின்று பாடம் நடத்தினேன். "வாத்தியாருக்குக் கன்னத்துல சதை போட்டிருக்கு" என்று பஸ் கண்டக்டர் சொன்னதை நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள்.

ஊசியைக் குளிர்ச்சி குறையாமல் மலையேற்றுவதுதான் பெரும்பாடு. மழைக்காலத்தில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பஸ் நடுவழியில் நின்றுவிடும். நீங்கள் அந்தப் பொறுப்பை நான் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் துறை வேலையாக நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகும்போது ஆட்டு ஊசிக்கான பெட்டியிலேயே என் ஊசியையும் வைத்துக் கொண்டுவந்தீர்கள். வளைவு வளைவாகப் பஸ் ஏறும்போது மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருபவர்களை அதன்மேல் கை வைக்கவிடாமல் அதட்டிக்கொண்டு வருவீர்களாம். அதையும் கண்டக்டர்தான் சொன்னார்.

பிறகு வலி திரும்பியது. மெதுவாக, திருட்டுத்தனமாக. முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் கழிப்பறைக்கு ஓடுவதைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். ஊசி கேட்காமல் போவது எல்லோருக்கும் நடக்காது, சிலருக்கு நடக்கும், ஆனால் ஏன் கேட்கவில்லை என்று தெரியாமல் அடுத்த மருந்துக்குத் தாவக் கூடாது என்றார் டாக்டர். வேறு தொற்று இருக்கிறதா என்று பார்த்தார். மலத்தைச் சோதிக்கச் சொன்னார். அப்புறம் போகிறபோக்கில் கேட்பதுபோல, "ஊசியை எப்படிங்க மலைக்குக் கொண்டு போறீங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "அது எம் பொறுப்புங்க டாக்டர். எங்க டிபார்ட்மெண்ட்டுப் பொட்டி. ஐஸுக்குள்ளாற பொதைச்சு வெச்சுருவேன். ஊடு போய்ச் சேரறப்பக்கூட கல்லாட்டம் இருக்குமுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கல்லு மாதிரியா?"

"ஆமாங்க. ஆட்டுக்கொல்லி நோவுக்குப் போடற ஊசிய அப்படித்தானுங்க வெப்போம். எவ்வளவுக்கெவ்வளவு ஜில்லுன்னு இருக்குதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது."

"அந்த மருந்து வேறங்க. இது உறையவே கூடாது. ஃபிரிட்ஜுல நடுத்தட்டுக் குளிர்ச்சி போதும். உறைஞ்சு இளகிட்டா மருந்து கெட்டுப்போயிரும். பாத்தா வித்தியாசமும் தெரியாது."

அவர் கடிந்துகொள்ளவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்டைக் காப்பாற்றுகிற பழக்கம் மனிதனுக்கு விஷமாகும் என்று நீங்கள் எப்படி எண்ணியிருக்க முடியும்? மலையில் இருக்கிற நாங்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். இந்த ஐஸால்தான் என்று இப்போதே சொல்ல முடியாது, இனி சில வாரம் இங்கேயே வந்து நல்ல ஊசியாகப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்போம் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

அவர் விளக்கியதை நான் கரும்பலகையில் எழுதிப் பார்ப்பதுபோல மனதுக்குள் பல தடவை எழுதிப் பார்த்தேன். நல்ல ஊசி உள்ளே போய் வலி அடங்கினால், குற்றம் ஐஸுடையது. அடங்காமல், ரத்தத்தில் மருந்தும் குறைவாக இருந்தால், உடம்பு அந்த மருந்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் இல்லையென்றால் அளவைக் கூட்டலாம், இருந்தால் அதே வகையில் வேறொரு ஊசிக்குப் போகலாம். மருந்து போதுமான அளவு ஓடிக்கொண்டிருந்தும் குடல் புண்ணாகவே இருந்தால், என் நோய் வேறு வழியில் போகிறது என்று பொருள். அப்போது அந்த வகை மருந்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த வாரங்களில் நீங்கள் பேச்சையே விட்டுவிட்டீர்கள். ஊசிக்கு இறங்கும் நாளிலெல்லாம் விடுப்புப் போட்டு உடன் வந்தீர்கள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. "நாந்தானுங்க கெடுத்துப்புட்டேன்" என்று ஒருமுறை அடிவாரத்துக் காரவள்ளி பஸ் நிறுத்தத்தில் சொன்னதோடு சரி. நான் என்ன சொல்லியும் உங்களுக்கு ஏறவில்லை. என் மனைவி உங்களுக்குக் கொடுத்தனுப்பிய சோறு தொடாமல் திரும்பி வந்தது. உங்களுக்கும் யாரோ காப்புக் கட்டிவிட்டார்களா என்று அவள் கேட்டாள்.

முடிவு வந்தது. ரத்தத்தில் மருந்து வேண்டிய அளவு இருந்தது. எதிர்ப்பொருள் இல்லை. குடல் மட்டும் அப்படியே புண்ணாக இருந்தது. "ஐஸுல வெச்சது காரணமில்லீங்க. நல்ல மருந்து ஒழுங்காப் போயும் இவருக்குக் கேக்கல" என்றார் டாக்டர், உங்களைப் பார்த்து. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அந்த முடிவு எனக்கு என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு உறைத்தது. அப்போது நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

பஸ் பாதி மலை ஏறியிருந்தது. அப்போது சொன்னீர்கள்: "எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க வாத்தியாரே. உங்களுக்கு மருந்து கேக்கலைன்னு சொல்றாங்க, எனக்கு நிம்மதியா இருக்குது. அதைத்தான் தாங்க முடியல." நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேர்ல ஒருத்தராவது தப்பிச்சோமில்லீங்ணா" என்றேன். பொய்யில்லை. உங்கள் முகம் அப்படி இருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வேறு மருந்து தேடுவது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

அடுத்த தடவை டாக்டர் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிர்ப்பு அணுக்கள் குடலுக்குள் நுழையாமல் மட்டும் தடுக்கிற ஒரு மருந்து, சொட்டாக ஏற்றுவது. வேறொரு சமிக்ஞையைத் தடுக்கிற ஊசிகள். வேகமாக வேலை செய்கிற புதுவகை மாத்திரை, ஆனால் ரத்தம் உறையும் ஆபத்தும் அக்கி வரும் ஆபத்தும் யாருக்கு உண்டு என்று பார்த்துத்தான் கொடுப்பார்களாம். எனக்கு முன்பு காசநோய் மருந்து கொடுத்திருப்பதால், உடம்பு முழுக்க எதிர்ப்பைக் குறைக்காத அந்த முதல் மருந்தே தோது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அதற்குமுன் ஒரு ஸ்கேன். அதில் சிறுகுடலின் கடைசிப் பகுதி தழும்பேறிக் குறுகிக் கிடப்பது தெரிந்தது. புண்ணை மருந்து ஆற்றும், தழும்பை எந்த மருந்தும் இளக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நோய் திரும்பாமலிருக்கப் புது மருந்தைத் தொடங்கலாம் என்றார். சில நேரம் புண் ஆறும்வரை வயிற்றில் துளையிட்டுப் பை வைக்க வேண்டி வரலாம், அநேகமாக உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன் என்றார்.

அவர் சொன்ன அத்தனையிலும் எனக்குப் பை என்ற ஒரு சொல்தான் கேட்டது. மாத்திரையே கொடுங்கள் என்று அடம்பிடித்தேன். நூறு பிள்ளைகள் முன்னால் வயிற்றில் மலப்பையோடு நிற்கமுடியாது என்று வீட்டில் கத்தினேன். மனைவி அழுதாள். குறுகிய குடல் ஒருநாள் முழுக்க அடைத்துக்கொண்டால் மலையிலிருந்து இறங்குவதற்குள் உயிர் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. நான் மறந்ததுபோல நடித்தேன். நீங்கள் அந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்முன் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிற நர்ஸம்மாவிடம் மட்டும் ஏதோ பேசிவிட்டு வந்திருந்தீர்கள்.

நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பைல் நாட்டில் ஆட்டு ஊசி முகாம் முடித்து வந்த களைப்பு, சட்டையெல்லாம் ஆட்டு வாசம். காபி குடித்தீர்கள், கிராமத்து அரசியலைப் பேசினீர்கள், என் மகள் கணக்கைத் தப்பாகத் திருத்திக் கொடுத்தீர்கள். பிறகு எழுந்து நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினீர்கள். உங்கள் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. அரைப்பை தண்ணீர்.

"காலையில ஒட்டுனது. நர்ஸம்மாவக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். தண்ணி ஊத்தி ஒட்டிக்கிட்டுப் பஸ்ஸுல போனேன், ஆட்டைப் புடிச்சேன், கெடாய் ஒண்ணு முட்டுச்சு, கஞ்சி குடிச்சேன், திரும்பி வந்தேன். எவனாச்சும் கண்டுபுடிச்சானா? இவ்வளவு நேரம் எதுத்தாப்புல ஒக்காந்திருந்தீங்களே, நீங்க கண்டுபுடிச்சீங்களா?"

நான் குனிந்து அந்தப் பையைப் பார்த்தேன். "ஒரு சொட்டு ஒழுகலீங்க. அரிப்பு மட்டும் கொஞ்சம் இருக்குது, பொய் சொல்லக் கூடாது" என்று சொறிந்துகொண்டீர்கள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணா, வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த நிலையில் உங்கள்மேல் எனக்கு வந்த பிரியத்தை அன்று சொல்லத் தெரியவில்லை. "சரி, தேதி வாங்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

அறுவைக்கு முன் உடம்பு தேற வேண்டும் என்று சில வாரம் திடச்சோறே இல்லாமல் வெறும் சத்துப்பால். தொண்டை வரைக்கும் அதன் இனிப்பு. அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்முன் நர்ஸம்மா கத்தரிக்கோலால் உங்கள் நூலை வெட்டி எடுத்துவிட்டுக் காகிதப் பட்டையை ஒட்டினார். ஸ்ட்ரெச்சரின் பக்கத்திலேயே நடந்துவந்த நீங்கள், "நூலை மாத்திட்டாங்க வாத்தியாரே. ஆடு ஒண்ணுதான்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். பயந்துகொண்டே சிரித்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பை வைக்கவில்லை. ஒரு சாண் குடலை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். நான் கண் விழித்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "நான் ஒட்டுனதெல்லாம் வீணாப்போச்சே" என்பதுதான். பிறகு இந்தச் சொட்டு மருந்து தொடங்கியது. மெதுவாக வேலை செய்கிற மருந்து இது, பொறுமை வேண்டும் என்றார்கள். கஞ்சி, பிறகு குழைந்த சோறு, பிறகு பருப்பு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கூப்பிட்டீர்கள். உள்ளே குழாய் விட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லட்டும், அதுவரை வெளிச் சோறே வேண்டாம் என்று நான்தான் மறுத்தேன். பயம் விட்டுப்போகவில்லை. நீங்களும் வற்புறுத்தவில்லை. "பந்தி எங்கீங்க போயிரும்" என்றீர்கள்.

கோடை விடுமுறையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தைத்த இடம் சுத்தமாக இருந்தது, புண் இல்லை. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன், மனைவிக்குக்கூட அப்புறம்தான். விடுப்பில் ஊருக்குப் போயிருந்த நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அப்பொன்னா வர்ற ஞாயித்துக்கெழமை எங்கூட்டுல. கறி வேண்டாம், பயப்படாதீங்க. ரசஞ்சோறு. ஆனா மறுசோறு கேக்காம எந்திரிச்சீங்கன்னா அடிதான்." அக்காவைக் கூப்பிட்டு அப்போதே சொன்னதும் போனில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தீர்களாம். மூளையில் ரத்தக்கசிவு. சனிக்கிழமை விடியற்காலை போன் வந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்னை அழைத்தீர்களோ அதே ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வழக்கமாக இறங்குகிற அதே பஸ்ஸில் இறங்கி, முதல்முறையாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். பந்தல் போட்டிருந்தது. உங்களை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். சத்தம் போட்டே பேசிப் பழகிய அந்த வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தன. தூரத்திலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பெரியவர்கள் உட்காரவைத்தார்கள். உங்கள் தம்பி பரிமாறினார். சாவு வீட்டுச் சாப்பாடு உங்களுக்குத் தெரியுமே. யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை, போட்டதைத் தலைகுனிந்து தின்றுவிட்டு எழுவதுதான். என் மணிக்கட்டில் நூல் இல்லை. கை நனைத்தேன். ரசம் காரமாக இருந்தது. இலையில் இருந்தது தீர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழ ஆரம்பித்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க" என்றேன்.

தம்பி கரண்டியோடு நின்றுவிட்டார். எதிரில் இருந்த பெரியவர் நிமிர்ந்து ஒரு மாதிரி பார்த்தார். அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு இந்த ஆள் மறுசோறு கேட்கிறானே என்று அவர்கள் நினைத்திருந்தால் தப்பில்லை. எனக்கு வெட்கமாக இல்லை. உள்ளே பெண்கள் நடுவில் அழுதுகொண்டிருந்த அக்காவின் குரல் நின்றது. "வாத்தியாரு மறுசோறு கேட்டாருங்களா?" என்று யாரையோ கேட்டார். எழுந்து வெளியே வந்தார். அன்று அவர் வெளியே வரக்கூடாது என்று ஒரு கிழவி தடுத்தார், கேட்கவில்லை. தம்பி கையிலிருந்து கரண்டியை வாங்கி எனக்குச் சோறு போட்டார், குழி பறித்து ரசம் ஊற்றினார். பிறகு என் இலைக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணீரோடு அள்ளி அள்ளி வாயில் போட்டேன். "மெதுவாத் தின்னுங்க சாமி" என்றார் அக்கா. "அவரு இருந்தாலும் அவசரப்படுத்தமாட்டாரு." இலையில் ஒரு பருக்கை இல்லாமல் தீரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மருந்து முடிந்துவிட்டது அண்ணா. நர்ஸம்மா ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திவிட்டு, கத்தரிக்கோலால் மணிக்கட்டுப் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஏறுவது எனக்குக் கேட்காத அந்தப் பழைய வகை மருந்துதானாம், ஐந்து வருஷமாக நன்றாகக் கேட்கிறது என்று இப்போதுதான் சொன்னார். அவரவர் குடல் அவரவர் கதை. இந்தப் புது மருந்தும் ஒருநாள் எனக்குக் கேட்காமல் போகலாம். அப்போது அடுத்த வழி எது என்று டாக்டரைக் கேட்பேன். முன்போல ஓடி ஒளியமாட்டேன்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எதிரில் ஒரு சின்ன மெஸ், வாடிக்கையாகச் சாப்பிடுகிற இடம். பரிமாறுகிற பெண்ணுக்கு என்னைத் தெரியும். வயிறு நிறைந்திருந்தாலும் கடைசியில் ஒரு பிடி கேட்டு வாங்குவேன் என்பது அவருக்குப் பழகிவிட்டது, அதனால் எனக்கு முதலில் கொஞ்சம் குறைத்தே போடுகிறார். ஏன் என்று அவர் கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு மலை ஏறுகிறேன்.

உங்கள் வாத்தியார்